பைய மேடத்தின் மூன்றாவது கேள்வி

நான் ஓய்வு பெற்ற வங்கிக் கிளையிலிருந்து போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். விழிப்புணர்வு வாரமாம். வயதான வாடிக்கையாளர்களின் பணத்தை மோசடிக்காரர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நான் பேச வேண்டும். "பத்து நிமிஷம் போதும் சார்" என்று சொன்ன பெண்ணுக்கு என்னைத் தெரியாது. பத்து நிமிடத்தில் நான் தொண்டையைச் செருமி, மைக்கைத் தட்டிப் பார்த்து, அந்தக் கிளைக்கு முதன்முதலில் சைக்கிளில் வந்த கதையை ஆரம்பித்திருந்தேன். அதற்குள் பொன்னாடையைப் போர்த்திவிட்டார்கள். பொன்னாடை போர்த்திவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். இங்கே யாரும் பொன்னாடையோடு பக்கத்தில் நிற்கவில்லை.

என் பெயர் ஏகாம்பரம். படப்பையிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், சேரப்பணஞ்சேரியைத் தாண்டி எங்கள் கிளை. எழுத்தராகச் சேர்ந்து உதவி மேலாளராக வெளியே வந்தேன். நடுவில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பேரேட்டில் கூட்டிப் போடக் கற்றுக்கொண்டேன். கற்று முடித்த நேரத்தில் கணிப்பொறி வந்து, அதெல்லாம் இனி வேண்டாம் என்றது. பதவி உயர்வுத் தேர்வைத் தவறாமல் எழுதினேன். எனக்கும் அந்தத் தேர்வுக்கும் பெரும்பாலும் ஒத்துவரவில்லை. நான் சேர்ந்தபோது கிளையின் ஜன்னலுக்கு வெளியே எருமைகள் நிற்கும். பிறகு அதே ஜன்னல் கம்பெனி பஸ்கள் போகும்போதெல்லாம் அதிர ஆரம்பித்தது. சுற்றிலும் நிலம் விற்ற பணம் வந்தது. விற்றவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். பணம் வந்த மறுவாரமே அவர்களுக்கு அதுவரை இல்லாத சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள்.

அப்போது இருந்த மேலாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வயதானவர் யாருடனாவது வந்தால், கூட வந்த ஆளை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, பெரியவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அப்படி ஒருமுறை முனுசாமி என்ற பெரியவரை அவருடைய அக்கா மகன் பைக்கில் அழைத்து வந்தான். பெரியவர் மேல் மடிப்புக் கலையாத புதுச் சட்டை. அவருடைய கணக்கில் தன் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றான் அவன். நான் பெரியவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவனே பதில் சொன்னான்.

"மாமாவுக்குக் காது கேக்காது சார்."

ஆதாருக்கு இன்னொரு நகல் வேண்டும் என்று அவனை எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினேன். பிறகு பெரியவரின் காதருகே போய், கிளை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"பெரியவரே! உங்க இஷ்டத்தோடதான் பேரு சேக்கறீங்களா?"

அவர் திடுக்கிட்டு விலகினார். "ஏன்யா கத்துற? எனக்கு நல்லாத்தான் காது கேக்குது."

"கேக்காதுன்னு அவர் சொன்னாரே?"

"அவன் அப்டி நெனச்சிக்கினு கீறான். நானும் வுட்டுட்டேன். காது கேக்காதவன் முன்னாடி என்னென்ன பேசறாங்க தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, வாசலை ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏன்பா, இந்தப் பேரு சேக்கற வேலைய எத்தினி நாளு இழுக்கலாம்?"

"எதுக்கு இழுக்கணும்?"

"தெனம் பிரியாணி வாங்கியாறான். கையெழுத்து வாங்கிக்கினான்னா நின்னுடும்ல? ஒரு மாசம் இழுத்தடி. அப்பால வேணாம்னு நானே சொல்லிக்கிறேன்."

வங்கிக்காரர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று ஊரே திட்டும். இழுத்தடியுங்கள் என்று கேட்டு வந்த வாடிக்கையாளர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மனமுவந்து செய்து கொடுத்தோம். கையெழுத்து ஒத்துவரவில்லை, புகைப்படம் பழையது, மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொன்னோம். பெரியவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூசினாற்போல வந்தார். கடைசியில் அக்கா மகன்தான் அலுத்துப்போய் வருவதை நிறுத்தினான்.

இப்படித் தாமதத்தை நாங்கள் தமாஷாகச் செய்துகொண்டிருந்த காலத்துக்குப் பிறகு, அதையே முறையாகச் செய்யும் ஒரு மேலாளர் வந்து சேர்ந்தார். சுகந்தி மேடம். நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட நன்றாக இளையவர். நான் எழுதிய அதே தேர்வுகளைத்தான் அவரும் எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் ஒத்துவந்திருக்கிறது.

வந்த வாரத்திலேயே எனக்கும் அவருக்கும் ஒரு குழப்பம். ஒரு பாட்டி பெரிய தொகை எடுக்க வந்திருந்தார். நான் அவசர அவசரமாக எண்ணிக்கொண்டிருந்தபோது மேடம் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏகாம்பரம் சார், பைய குடுங்க" என்றார். நான் எழுந்து போய், அவருடைய நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர்கள் ஊரில் 'பைய' என்றால் மெதுவாக என்று அர்த்தமாம். அன்றிலிருந்து கிளையில் அவர் பெயர் பைய மேடம். அவருக்கும் அது தெரியும்.

'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எதற்கும் "பண்ணிரலாம்" என்பார். சொல்லிவிட்டு எதிரே நாற்காலியைக் காட்டுவார். அறுபது வயதைத் தாண்டிய எவரும் வழக்கத்தைவிடப் பெரிய தொகையை எடுக்க வந்தாலோ, முன்பின் அனுப்பாத கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, கவுண்டரில் இருப்பவர் கணிப்பொறியைத் தொடாமல் முதலில் அவரை உட்கார வைக்க வேண்டும். நின்றுகொண்டிருப்பவர் யோசிக்க மாட்டார் என்பது மேடத்தின் கட்சி. உட்கார்ந்த பிறகு மூன்று கேள்வி. பணம் யாருக்குப் போகிறது? அந்த ஆளை நேரில் பார்த்திருக்கிறீர்களா? மூன்றாவது கேள்வியை மட்டும் குரலைத் தணித்து, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்: இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

"முதல் ரெண்டுக்கும் பொய் சொல்லிக் குடுத்து அனுப்பியிருப்பாங்க சார். மூணாவது கேள்விய அவங்க எதிர்பார்த்திருக்க மாட்டாங்க" என்பார்.

எங்களுக்கு இதெல்லாம் சங்கடமாக இருந்தது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் விசாரிப்பது போல ஒருவரிடம் அவருடைய பணத்தைப் பற்றியே விசாரிப்பதா? ஒரு பெரியவர் மூன்றாவது கேள்விக்கு நாலாபுறமும் பார்த்துவிட்டு, "ஆமாம்மா. என் சம்சாரத்துக்குத் தெரியக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன்" என்றார். இன்னொருவர் கோபித்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கிளைக்கே கணக்கை மாற்றிக்கொண்டு போனார். வாடிக்கையாளரை எத்தனை சீக்கிரம் அனுப்புகிறோம் என்று மேலிடத்தில் கணக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியலில் எங்கள் கிளையைத் தேட வேண்டிய அவசியமே இல்லை, கடைசியில் இருக்கும்.

இப்போது எஸ்தர் டீச்சர் கதைக்கு வருகிறேன்.

டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் வெளிநாட்டில். வீட்டின் மாடியை, கம்பெனியில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். எனக்கு அவர் ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. ஆனாலும் அவர் கிளைக்குள் நுழைந்தால் என் கை தானாகச் சட்டைப் பொத்தானைத் தேடும். வந்தவுடன் ஏதாவது ஒன்றுக்குத் திட்டுவார். கவுண்டரில் கட்டியிருக்கும் பேனா எழுதாது, அதற்குத் திட்டு. மின்விசிறி அவர் பக்கம் மட்டும் சுற்றாது, அதற்குத் திட்டு. ஒருமுறை அறிவிப்புப் பலகையில் நாங்கள் ஒட்டியிருந்த தமிழைத் தன் பேனாவால் திருத்திவிட்டு, "எழுதினது யாரு?" என்று கேட்டார். எழுதியது நான்தான். நான் கழிவறைக்குப் போய்விட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீச்சர் வந்தார். பேனாவை எடுத்தார், அது எழுதவில்லை. ஒன்றும் சொல்லாமல் தன் பேனாவை எடுத்துப் படிவத்தை நிரப்பினார். கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

அவர் பையைக் குனிந்து பார்த்தார். பிறகுதான், "நல்லா இருக்கேன்" என்றார். "டெபாசிட் எல்லாத்தையும் எடுத்து இந்தக் கணக்குக்கு அனுப்பணும். சீக்கிரம்."

"இருக்கற எல்லாமேவா? என்ன விசேஷம் டீச்சர்?"

மறுபடி பையைப் பார்த்தார். "பேரனுக்குக் காலேஜ் ஃபீஸ்."

போன கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டு வந்தபோது அந்தப் பேரனின் படத்தை எனக்குக் காட்டியிருந்தார். முன்பல் இரண்டும் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தான். ஒரு வருடத்துக்குள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றால் அவன் பெரிய அதிசயப் பிறவியாகத்தான் இருக்க வேண்டும்.

டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டு மேடத்தின் அறைக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "மேடம், எஸ்தர் டீச்சர் வந்திருக்காங்க. யாரையும் திட்டல" என்றேன்.

பைய மேடம் வேகமாக எழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர் டீச்சருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மூன்று கேள்வியையும் கேட்டார். முதல் இரண்டுக்கும் பதில் மனப்பாடம் செய்தது போல வந்தது. மூன்றாவதைக் கேட்டதும் டீச்சர் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "இல்ல" என்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அப்போதுதான் நானும் கவனித்தேன். கைப்பையின் வெளிப்பக்க அறையில் அவருடைய ஃபோன் நிமிர்ந்து நின்றது. அதன் கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ எங்களைப் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

மேடம் அந்தப் பையைப் பார்த்தே சத்தமாகப் பேசினார். "ஒண்ணும் பிரச்சினை இல்ல டீச்சர், இப்பமே பண்ணிரலாம். பெரிய தொகையில்லா? கையெழுத்த லாக்கர் ரூம்ல வச்சுத்தான் சரிபாக்கணும். அது ரூல். ஏகாம்பரம் சார், சாவிய எடுங்க."

அப்படி ஒரு விதி எந்த வங்கியிலும் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்ட எனக்கே ஒரு கணம், புதிதாக வந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அத்தனை இயல்பாகச் சொன்னார்.

லாக்கர் அறை எங்கள் கட்டடத்தின் நடுவில் இருந்தது. கனத்த காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு. அதற்குள் எந்தக் கம்பெனி ஃபோனுக்கும் சிக்னல் கிடைக்காது. அந்த அறைக்குப் போன வாடிக்கையாளர்கள் அதைக் குறையாக எங்களிடம் சொல்லாத நாளே இல்லை. நாங்கள் மூவரும் உள்ளே போனோம். கதவை ஒருக்களித்ததும் ஃபோன் ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது.

டீச்சர் ஃபோனை உருவி எடுத்துப் பார்த்தார். "கட் ஆயிடுச்சு... கட் ஆகக் கூடாதுன்னு சொன்னாங்க. ஐயோ, கட் ஆனா வாரண்ட் அனுப்பிடுவாங்க. கதவைத் தொறங்க!"

"யாரு டீச்சர் வாரண்ட் அனுப்புவாங்க?"

"சொல்லக் கூடாது." பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேங்க்ல இருக்கறவங்களும் இதுல கூட்டுன்னு சொன்னாங்க. என்னைத் தடுப்பாங்கன்னு சொன்னாங்க. ஏகாம்பரம்... நீயுமா?"

டீச்சர் கணக்கில் ஏதோ ஒரு குற்றக் கும்பலில் நானும் ஒருவன். இருக்கை கிழிந்த மொபெட்டில் அன்று காலை வேலைக்கு வந்தவன் நான். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்லத் தோன்றவில்லை. சுவரோடு ஒட்டி, பிள்ளைகளை மறைத்து நிற்பது போலக் கைகளை விரித்து நின்றார். ஊரையே நடுங்க வைத்த மனுஷி அவர்.

மேடம் வாதாடவில்லை. லாக்கர் திறப்பவர்கள் ஏறி நிற்கும் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் தடுக்கல டீச்சர். உங்க பணம். நீங்க சொன்னா அனுப்பிருவேன். என்ன நடந்ததுன்னு மட்டும் சொல்லுங்க. பைய சொல்லுங்க."

டீச்சர் விரித்த கைகளைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். அவர் பெயரில் போன ஒரு பார்சலில் போதைப்பொருள் இருந்ததாம். போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வந்து, அவருடைய ஆதார் எண்ணையும் மகனின் பெயரையும் சொன்னானாம். விசாரணை முடிகிறவரை வீட்டுக்குள்ளேயே காவல். வீடியோவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பேசினால் மகனின் பாஸ்போர்ட் முடக்கப்படும். பணத்தை எல்லாம் அரசாங்கக் கணக்குக்கு அனுப்பினால் சரிபார்த்துத் திருப்பித் தருவார்களாம். வேறொரு வங்கியில் இருந்த சேமிப்பை முதல் நாளே ஃபோனிலேயே அனுப்பிவிட்டிருந்தார். அந்த வங்கியில் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஃபோனில் அனுப்பினால் கேட்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

"இந்த மாதிரி ஏமாத்துறாங்கன்னு பேப்பர்ல எல்லாம் போட்டிருக்காங்களே டீச்சர்" என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"படிச்சேன். எல்லாம் படிச்சேன். படிச்சவங்களே இப்படி ஏமாறுறாங்களேன்னு சத்தம் போட்டுச் சொன்னேன், யாரும் இல்லாத வீட்ல."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"உங்க மகன்ட்ட ஒரு வார்த்த பேசிருவோமா டீச்சர்? இந்த ஃபோன்ல வேண்டாம். இது இங்கயே இருக்கட்டும். ஏகாம்பரம் சார் ஃபோன்ல."

"இப்ப அவனுக்கு ராத்திரி. தூங்குவான். நாளைக்கு வேலைக்குப் போகணும் அவன்."

இருந்த பணம் அத்தனையும் போகப் போகிறது. வாரண்ட் வரப்போகிறது. அப்போதும் மகனின் தூக்கம் கலையக் கூடாது. மேடம் டீச்சரின் தோளைப் பிடித்து மெல்ல வெளியே கூட்டிவந்தார். டீச்சரின் ஃபோனை முக்காலி மேல் வைத்து, இரும்புக் கதவைப் பூட்டினேன். அந்த விவகாரம் முழுவதிலும் நடந்த உண்மையான கைது அது ஒன்றுதான்.

மேடத்தின் அறையில் வைத்து என் ஃபோனிலிருந்து மகனைக் கூப்பிட்டோம். வெகுநேரம் அடித்த பிறகு தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"தம்பி," என்றார் டீச்சர். "உன்னைப் பிடிச்சிட்டாங்களா?"

"யாரும்மா? யார் பிடிப்பா? என்ன நம்பர் இது? உனக்கு உடம்புக்கு என்ன?"

"போலீஸ் வரலையா?"

"அம்மா, நான் படுத்துத் தூங்கிட்டிருக்கேம்மா."

டீச்சர் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சரிந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. வெளியே ஷிப்டு மாறும் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஜன்னல் அதிர்ந்துகொண்டே இருந்தது.

மேடம் மடமடவென்று சைபர் குற்றப் புகார் எண்ணைக் கூப்பிட்டு விவரங்களைச் சொன்னார். முதல் நாள் போன பணத்தில் ஒரு பகுதியை வழியிலேயே முடக்க முடிந்தது. மாதக்கணக்கில் அலைந்த பிறகு அது திரும்பி வந்தது. மிச்சம் போனது போனதுதான். எங்கள் கிளையில் இருந்த டெபாசிட்டுகள் அப்படியே இருந்தன.

கொஞ்சம் தெளிந்த பிறகு டீச்சர், யாரையும் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு நாளா அந்த ஆளு என்கூட இருந்தான், வீடியோல. மரியாதையாத்தான் பேசினான். காலைல எழுந்ததும், 'அம்மா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டான். அந்தக் கேள்வியை என்கிட்ட ஒருத்தர் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? நானும் பதில் சொன்னேன். என் வீட்டுக்காரர் செத்த கதையெல்லாம் சொல்லிட்டேன் அவன்கிட்ட. திருடன்கிட்ட."

மேடம் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

இந்த இடத்தில் டீச்சர் எங்கள் கையைப் பிடித்து நன்றி சொன்னார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. சில வாரங்கள் கழித்து மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எஸ்தர் டீச்சர் எங்கள்மேல் புகார் கொடுத்திருந்தார். மூத்த குடிமகளாகிய தன்னை ஒரு அறைக்குள் அடைத்து, ஃபோனைப் பறித்து, இல்லாத விதியைச் சொல்லி ஏமாற்றி, பரிவர்த்தனையைத் தாமதப்படுத்தினார்கள் என்று. நல்ல தமிழ். ஒரு ஒற்றுப்பிழை இல்லை.

நான் குதித்தேன். மேடத்துக்குப் பதவி உயர்வு நேர்காணல் வரப்போகிற சமயம் அது. "நன்றி கெட்ட பொம்பள மேடம்! நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

"என்னத்த கேப்பீங்க சார்? அவங்க எழுதினது பூரா உண்மையில்லா? அடைச்சோம். ஃபோன வாங்கினோம். இல்லாத ரூல சொன்னோம்."

"இருந்தாலும்..."

"வெக்கம் சார் அது. நாம ரெண்டு பேரும் அவங்க அழுதத பாத்துட்டோம். அந்த வெக்கத்த எங்கயாவது இறக்கி வைக்கணும்லா? நம்ம மேல இறக்கி வச்சிருக்காங்க. இருக்கட்டும்."

விளக்கத்திலும் அப்படியே எழுதினார்: புகாரில் கூறப்பட்டுள்ள அனைத்தும் உண்மை, இதே நிலைமை மீண்டும் வந்தால் மீண்டும் அவ்வாறே செய்வேன். மேலிடம் அவருக்கு, வாடிக்கையாளரிடம் கனிவாக நடந்துகொள்ளும்படி ஒரு அறிவுரைக் கடிதம் அனுப்பியது. அதே மேலிடத்தின் வேறொரு பிரிவு, மூத்த குடிமகளின் பணத்தைக் காப்பாற்றியதற்காக ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பியது. இரண்டும் ஒரே தபாலில் வந்தன. மேடம் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்தார். நேர்காணலில் தேறிவிட்டார். எதைக் காட்டித் தேறினார் என்று எனக்குத் தெரியாது.

மகன் விடுப்பில் வந்தது அதற்கப்புறம். தாயைக் கூட்டிக்கொண்டு நேராகக் கிளைக்கு வந்தான். நல்ல பையன்தான். மேடத்துக்குக் கைகூப்பி நன்றி சொன்னான். பிறகு விஷயத்துக்கு வந்தான். இனிமேல் அம்மாவின் கணக்கு முழுவதும் தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தன் ஒப்புதல் இல்லாமல் அம்மா ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாதபடி செய்துவிட வேண்டும்.

"அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது மேடம். நீங்களே பாத்தீங்கல்ல?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் பேசுவது வேறு யாரையோ பற்றி என்பது போல.

"பண்ணிரலாம்," என்றார் மேடம். "நீங்க ஒரு நிமிஷம் வெளிய இருங்க சார்."

அவனுக்குப் புரியவில்லை. "நான் அவங்க பையன்."

"தெரியும் சார். கணக்கு அவங்களுதுல்லா. ஒரு நிமிஷம்."

அவன் வெளியே போய், தலைக்கு மேல் மின்விசிறி சுற்றாத நாற்காலியில் உட்கார்ந்தான். மேடம் டீச்சரிடம், "நீங்க என்ன நினைக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டார்.

டீச்சர், "அந்தப் புகார்..." என்று இழுத்தார்.

"எழுத்து நல்லா இருந்தது டீச்சர்" என்றார் மேடம்.

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மன்னிப்பு என்று ஒன்று அவரிடமிருந்து இன்றுவரை வரவில்லை. நாங்களும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"என் பணத்தை நான்தான் பாத்துக்குவேன்" என்றார். "அவனுக்கு எழுதிக் குடுக்க மாட்டேன். ஆனா திரும்ப நான் இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நின்னா, நீங்க யாருக்காவது ஒரு ஃபோன் பண்ணுங்க."

"பண்ணிரலாம். அவங்களுக்குக் கணக்குல எந்த உரிமையும் இருக்காது. வந்து உங்க பக்கத்துல நிப்பாங்க, அவ்வளவுதான். யாருக்குப் பண்ணட்டும்?"

"பையனைக் கூப்பிடுங்க. அவன் முன்னாடியே சொல்றேன்."

அவன் உள்ளே வந்தான். டீச்சர் சொன்ன பெயர் இசக்கியம்மாள்.

"யாரும்மா அது?"

"மாடில குடியிருக்கற பொண்ணு. கம்பெனில வேலை செய்யுது. திருநெல்வேலிப் பக்கம்."

"குடக்கூலிக்கு இருக்கறவங்களா? நான் இருக்கும்போது எதுக்கும்மா மூணாவது மனுஷங்க?"

டீச்சர் அவன் பக்கம் திரும்பினார். கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"அந்த ஆளு என்னை உள்ள உக்கார வச்சிருந்தப்ப அந்தப் பொண்ணு வந்து கதவைத் தட்டிச்சு. 'டீச்சரம்மா, மோட்டர் போடலியே, மேலுக்குச் சரியில்லையா, காய்ச்சலா'ன்னு கேட்டுச்சு. போன்னு விரட்டினேன். மேல போய்ட்டு மறுபடி வந்து தட்டிச்சு. மறுபடி விரட்டினேன். சாயங்காலம் கதவுகிட்ட ஒரு டப்பால இட்லி வச்சிட்டுப் போயிருந்துச்சு. நீ ஞாயித்துக்கிழமை கூப்புடுவ தம்பி. தவறாம கூப்புடுவ. அவன் திங்கக்கிழமை வந்துட்டான்."

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் கதவுக்கும் எனக்கும் நடுவில் அவன் நின்றிருந்தான். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தான். துடைத்து மாட்டிக்கொண்டு தன் ஃபோனை எடுத்தான்.

"அந்தப் பொண்ணு நம்பரை எனக்கும் குடும்மா. ஒரு வார்த்தை பேசணும்."

டீச்சர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டான். கூப்பிடப் போனவனின் கையை டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"இப்ப கூப்புடாத. நைட் ஷிப்டு முடிச்சிட்டு வந்து படுத்திருக்கு. தூங்கட்டும் புள்ள."